குண்டன்

குண்டன் என்ற எழுத்துருவை நான் வரைந்தது பஸ் நெற்றிப் பலகைக்காக. ஒவ்வொரு எழுத்தின் காலிலும் செங்கல் வைத்தது போல ஒரு பட்டை. உடம்பெல்லாம் கறுப்பு, உள்ளே வெள்ளைக்குக் கொஞ்சம்தான் இடம். பஸ் தெருக்கோடியில் திரும்பும்போதே எண் தெரியும். அதற்கு மேல் அவனுக்கு வேலை இல்லை. டிப்போ மேனேஜரிடம் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தேன்.

அவர் அதைக் கேட் போர்டில் வைத்தார். பொருந்தியது. கேன்டீன் போர்டில் வைத்தார். பொறுத்துக்கொண்டேன். இப்போது நிறுத்தங்களில் ஒட்ட, புது நேர அட்டவணை. அச்சுக்கு முன் ஒரு தாள் அனுப்பியிருந்தார். எல்லாம் குண்டன், கடுகளவில்.

வீட்டில் நாத்தனார் தாளை விளக்கடியில் பிடித்தாள். ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் அவளுக்கு. இன்னொரு தடவை லேட்டானால் இரவுக்கு மாற்றிவிடுவார்கள்.

“இது மூணா, அஞ்சா, அண்ணி?”

“எது?”

“ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. பெத்தவங்க நீங்க. மச்சம் ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

மறுநாள் டிப்போவில் மேனேஜரின் கணினியைப் பார்த்தேன். தடித்த எழுத்தின் மேல் இன்னொரு முறை போல்டு போட்டிருந்தார். கட்டத்தில் அடங்கவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கியும் இருந்தார்.

“இதுக்கு எதுக்கு சார் போல்டு?”

“சின்னதா இருக்கேன்னுதான். வயசானவங்களும் பாப்பாங்கல்ல.”

“சின்னதுல உள்ள இருக்கிற வெள்ளை அடைஞ்சுபோகும். மெல்லிசா வேற எழுத்துல நானே போட்டுத் தர்றேன்.”

“பஸ்ஸுல ஒண்ணு, தாள்ல ஒண்ணா? எல்லாம் ஒரே குடும்பமா இருக்க வேணாமா, மேடம்?”

“குடும்பத்துல எல்லாருமா கத்திப் பேசுவாங்க?”

“எங்க வீட்ல அப்படித்தான்.”

ஏதோ ஒரு வரியில் விரல் வைத்து, படிக்கச் சொன்னேன். கடகடவென்று படித்தார். ஒரு தப்பு இல்லை. நேரம் போட்டவரே அவர்தான். வாசலில் நின்ற டிரைவரைக் கூப்பிட்டேன். அவரும் கடகடவென்று படித்தார். ஓட்டுகிறவர்.

“நல்லாத்தானே தெரியுது,” என்றார் மேனேஜர். “உங்க எழுத்தை நீங்களே குறை சொன்னா எப்படி?”

தாள் அச்சுக்குப் போனது.

ஒட்டிய அன்று மாலை நானும் நாத்தனாரும் நிறுத்தத்துக்குப் போனோம். நாத்தனாரின் காலை பஸ் வரியில் ‘ஆறு’ என்ற மணி வரை தெரிந்தது. அடுத்து நிமிஷ எண்ணில், வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் மை. முப்பத்தைந்தா, ஐம்பத்தைந்தா? டிப்போவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். வீம்பு விடவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

“ஐம்பத்தைந்து,” என்றேன்.

காலையில் நேரத்தோடு கிளம்பினோம். நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஆறு முப்பத்தாறு; அங்கே யாரும் இல்லை. தெருக்கோடியில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகிலும் குண்டனில் எண், பளிச்சென்று.

நாத்தனார் பையைத் தோளிலிருந்து இறக்கி பெஞ்சில் வைத்தாள்.

“நம்ம பஸ்தான், அண்ணி,” என்றாள். “இங்கேருந்தே தெரியுது.”