ஃபியூஸ் இருந்த இடம்

பேராசிரியர் ராஜாங்கம் சார் மேஜையில் தள்ளிய தாளில் ஏற்கெனவே நான்கு கையெழுத்துகள் இருந்தன. ஐந்தாவதாக வானதி போட வேண்டும். ரோபோ குழுவின் ஆறாவது ஆளான இர்பான் தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ‘ஆய்வக உதவியாளர் சம்சத், தேய்ந்த கம்பிக்கயிற்றைச் சோதிக்காமல் மாணவர்களுக்கு வழங்கியதால் விபத்து நேர்ந்தது’ என்று தட்டச்சு செய்திருந்தது. ஒன்பது வருடமாக அந்த லேபைத் திறந்து மூடுகிறவள் பெயர் ஷம்சாத். பழி போடும்போதுகூட அவள் பெயரை ஒழுங்காக எழுதவில்லை. வானதிக்குக் காதுமடல் சுட்டது.

முந்தாநாள் காலையில், சென்னைப் போட்டிக்குப் போகவிருந்த ரோபோவை இயக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். மோட்டார் கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்க, ரோபோவின் கை மேலே எழும்பிப் பெட்டியைத் தூக்க வேண்டும். கை பாதியில் நின்று மூன்று தடவை ஃபியூஸ் போனது. ஷம்சாத் குனிந்து பார்த்தாள்.

“ஃபியூஸ் சும்மா போவாது வானதி. மோட்டார் இழுக்க முடியாம திணறுது. ரோப்பைப் பாரு, கப்பிக்கிட்ட இழை அறுந்து சிக்கி நிக்குது. இதைப் போன வாரமே கழிச்சு வெச்சேனே, யாரு எடுத்து மாட்டினது?”

“நான்தான். புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்” என்றார் ராஜாங்கம் சார்.

“வேணாம் சார். அறுந்தா மூஞ்சியில அடிக்கும்.”

“நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. வானதி, ஃபியூஸை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடு. பத்து நிமிஷம்தானே.”

வானதி செய்தாள். எந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு அந்த ஃபியூஸை வைத்தவளே அவள்தான். அதை உருவிவிட்டு அந்த இடத்தில் செம்புக் கம்பியை மடித்துச் செருகியபோது அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. கை மறுபடியும் பாதியில் சிக்கியது. ஃபியூஸ் இருந்திருந்தால் மோட்டார் அங்கேயே செத்திருக்கும். அது விடாமல் இழுத்தது. வயர் உறை கருகி நாறியது. மோட்டாரை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சை அழுத்த இர்பான் குனிந்தான். போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று அவன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் சார்தான். கயிறு அறுந்த சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. இர்பான் கத்தியதுதான் கட்டடம் முழுக்கக் கேட்டது.

“சார், இதுல ஃபியூஸைப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்றாள் வானதி, மேஜையில் இருந்த தாளைக் காட்டி.

“எடுத்தது நீ. எழுதினா உனக்குத்தான் கஷ்டம். இன்டர்வியூ வருது. ஒரத்தநாட்டுல உங்கப்பா குத்தகை நிலத்துல கஷ்டப்பட்டு உன்னைப் படிக்க வைக்கிறாரு. யோசிச்சுக்க.”

“எங்கப்பாவை எதுக்கு சார் இழுக்குறீங்க?” அவள் குரல் வராந்தா வரைக்கும் போனது. தாளைத் திருப்பிப் போட்டாள். ‘ஃபியூஸை நான் எடுத்தேன். ராஜாங்கம் சார் எடுக்கச் சொன்னார். ஷம்சாத் வேண்டாம் என்றார்’ என்று பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

“வேற தாள் அடிச்சுக்கறேன். உன் கையெழுத்தே வேணாம். சாயங்காலம் இர்பான் அம்மாகிட்ட வாங்கிட்டாப் போதும்.”

லேப் வாசலில் ஷம்சாத் சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“நான் கையெழுத்துப் போடலக்கா.”

ஷம்சாத் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “அன்னிக்கு நான் வேணாம்னு கத்துனப்ப நீ ஒரு வார்த்தை பேசல. இன்னிக்குப் போடலைன்னு என்கிட்ட வந்து சொல்ற.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். வானதி அடுத்த தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுக நடவு நடந்துகொண்டிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

இர்பானின் வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. அவன் அம்மா கமருன்னிஸா கட்டிலருகே அவன் அப்பாவோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். வானதி உட்காரவில்லை.

“அம்மா, சாயங்காலம் எங்க சார் ஒரு தாள் கொண்டு வருவாரு. ஷம்சாத்க்கா மேல தப்புன்னு அதுல இருக்கும். பொய். பழைய ரோப்பை மாட்டினது சார். மோட்டார் நிக்கறதுக்கு இருந்த ஃபியூஸை அவர் சொல்லி எடுத்தது நான். நான் எடுத்திருக்கலைன்னா இவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

கமருன்னிஸா கத்தவில்லை. “திரும்பச் சொல்லு” என்றார். வானதி திரும்பச் சொன்னாள். இர்பான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கமருன்னிஸா செல்போனை நீட்டினார். “குவைத்துலேர்ந்து இவங்க அத்தா, லைன்லதான் இருக்காங்க. எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீயே சொல்லு.”

வானதி வாங்கிக் காதில் வைத்தாள். போன் சூடாக, வியர்வையில் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் பலத்த காற்று. யாரோ வேற்று மொழியில் அதட்டினார்கள். பிறகு பக்கத்தில், மூச்சிரைக்க, ஓர் ஆண் குரல்: “ஹலோ... யாரும்மா பேசுறது?”