சம்பந்தியின் கிண்ணம்

சீனாவின் சீயான் நகரத்துக் கோட்டைச் சுவரின் படிக்கட்டில் ஜிங்ஷு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பெற்ற தாய் சாய்யுன், கைப்பை, தண்ணீர் பாட்டில், மூன்று பேரின் குளிர்கோட்டு என்று அத்தனையையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். பெற்று வளர்த்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

"அம்மா, பாத்து. இந்தப் படி உயரம்" என்றாள் ஜிங்ஷு.

"நான் நல்லாத்தான் ஏறுறேன்" என்றாள் சாய்யுன், மூச்சு வாங்க.

"உன்னைச் சொல்லலைம்மா. இவங்களை."

மாமியாரையும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர் வழக்கம் அது, சாய்யுனும் தன் மாமியாரை அப்படிக் கூப்பிட்டவள்தான். ஆனால் அவளுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்கித்தான் வெளியே வந்தது. இந்தப் பெண்ணுக்கோ தேனாய் வழிகிறது. பார்க்கப் பார்க்கச் சாய்யுனுக்கு வயிறு எரிந்தது.

மாமியார் பிஹுவா, காரச் சமையலுக்குப் பேர்போன செங்டுவிலிருந்து மருமகளோடு இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். ஜிங்ஷுவுக்கு இது ஐந்தாவது மாதம். பிள்ளை பெற்றவளைக் காற்றுப் படாமல் ஒரு மாதம் உள்ளேயே வைத்து, ஆக்கிப் போட்டுத் தேற்ற வேண்டுமே, அந்தப் பிரசவ மாதம் யார் வீட்டில்? சாய்யுனுக்கு இருப்பது ஒரே மகள், பிஹுவாவுக்கு இருப்பது ஒரே மகன். இந்த ஒரு மாதம் போனால் போனதுதான். சாய்யுன் சின்ன அறைக்கு வெள்ளையடித்து, தடித்த திரைச்சீலையும் மாட்டிவிட்டாள். மகளிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மத்தியானம் ஊரின் பழைய புத்தக் கோபுரமான வாத்துக் கோபுரத்தின் முன்னால் மாமியாரும் மருமகளும் ஒட்டி நின்று, போனைச் சாய்யுனிடம் நீட்டினார்கள். அவளும் படம் எடுத்தாள். படத்தில் கோபுரம் முழுதாக விழுந்திருந்தது, மகள் முழுதாக விழுந்திருந்தாள். பிஹுவாவுக்குத்தான் தலை இல்லை.

"என்னம்மா இது?"

"எனக்கென்னடி தெரியும், உன் போன் அப்படி!"

பசி வந்தபோது சாய்யுன்தான் முரசுக் கோபுரத்துக்குப் பின்சந்தில் தனக்குப் பழக்கமான கடைக்கு அழைத்துப் போனாள். ஆளுக்கொரு வெறுங்கிண்ணத்தையும் இரண்டு கெட்டி ரொட்டியையும் கடைப் பெண் வைத்துவிட்டுப் போனாள். ரொட்டியை அவரவர்தான் பிய்த்துப் போட வேண்டும். கிண்ணம் அடுப்படிக்குப் போய், ஆட்டுக்கறிச் சாற்றில் கொதித்துத் திரும்பி வரும். ஆள் மாறாமலிருக்கக் கிண்ணத்தின் விளிம்பில் எண் போட்ட கிளிப் ஒன்று, அதே எண்ணில் மேசைமேல் ஒரு வில்லை. கொண்டைக்கடலையைவிடப் பெரிதாகப் பிய்த்தால் சமையல்காரர் முகத்தைச் சுளிப்பார்.

ஜிங்ஷு மாமியாரின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பழக்கமில்லைம்மா. குடுங்க, நான் பிக்கிறேன்."

"அவங்களே பிக்கட்டுமேடி. கை வலிச்சுச் சாப்பிட்டாத்தானே இதுக்கு ருசி" என்றாள் சாய்யுன்.

"இவங்க பல்செட் புதுசும்மா. பெருசா இருந்தா மெல்ல வராது."

பொடிப்பொடியாக, ஒரே அளவாகக் கிண்ணத்தில் விழுந்தது ரொட்டி. அந்தக் கைப்பழக்கத்தை அவளுக்கு ஏழு வயதில் கற்றுக் கொடுத்தது யார்? சாய்யுன் தன் ரொட்டியை ஆத்திரத்தில் பிய்த்தாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன் இருந்தது.

ஜிங்ஷு கை கழுவப் போனாள். பிஹுவா ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவை வேடிக்கை பார்த்தாள். சாய்யுன் சட்டென்று தன் கிண்ணத்துக் கிளிப்பையும் பிஹுவாவின் கிண்ணத்துக் கிளிப்பையும் மாற்றிப் போட்டாள். வெட்கமா? அந்த நேரத்தில் துளிகூட இல்லை.

ஆவி பறக்கக் கிண்ணங்கள் வந்தன. மகள் பிய்த்த ரொட்டி சாய்யுனின் நாக்கில் கரைந்தது. எதிரே பிஹுவா ஒரு துண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளித் தள்ளி மென்றுகொண்டிருந்தாள்.

"மிளகாய் போட்டுக்கோங்க சம்பந்தியம்மா."

"இதுல காரமே இல்லையே."

"ஆமா, உங்க ஊர்ல நாக்கு மரத்துப் போனாத்தானே சாப்பாடு."

ஜிங்ஷு அப்போதுதான் மாமியாரின் கிண்ணத்தைப் பார்த்தாள். "என்னம்மா இவ்வளவு பெரிய துண்டு? நான் பொடியாத்தானே..." என்று தொடங்கியவளின் பார்வை தன் தாயின் கிண்ணத்துக்குத் தாவியது.

"நான்தான் மாத்திக் கேட்டேன்" என்றாள் பிஹுவா.

காப்பாற்றுகிறாளாம்! சாய்யுனுக்கு அதுதான் தாங்கவில்லை. "யாரும் கேக்கலை. நான்தான் கிளிப்பை மாத்தினேன். என் பொண்ணு கையால பிச்சதை நான் தின்னக் கூடாதா?"

"தெரியும். ஜன்னல் கண்ணாடியில பாத்தேன்."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

பிஹுவா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "போன புத்தாண்டு வசந்த விழாவுக்கு என் பையன் உங்க வீட்டுக்கு வந்தானே. உங்க கொழுக்கட்டையைப் போட்டோ எடுத்து, 'இப்படி ஒண்ணு நான் தின்னதே இல்லைம்மா'ன்னு எனக்கே அனுப்பினான். முப்பது வருஷம் அவனுக்கு ஆக்கிப் போட்டவ நான். போனைத் தூக்கி எறிஞ்சேன். உங்க எரிச்சல் எனக்குத் தெரியாதா? கிண்ணம்தானே, எடுத்துக்கோங்க. ஆனா பிரசவ மாசத்தை விட்டுத் தர மாட்டேன்."

"நீங்க யாரு விட்டுத் தர? அவ என் பொண்ணு!"

"வயித்துல இருக்கறது என் பேரன்!"

"எனக்கு மட்டும் அது யாராம்?"

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போதும்" என்றாள் ஜிங்ஷு. குரல் உயரவில்லை. "பிரசவ மாசம் முழுக்கப் பாத்துக்கற நிலையம் ஒண்ணுல இடம் சொல்லி வச்சிருக்கோம். வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இப்போ அங்கேயே போறேன். ஒரு ரொட்டிக்கே இந்தக் கூத்துன்னா, பிள்ளையை வச்சு என்னென்ன ஆடுவீங்களோ!"

"என்னடி சொல்றே?"

"உன்கிட்ட வந்து இருக்கணும்னுதாம்மா ஆசைப்பட்டேன். இவங்க மனசு நோகாம அதுக்குச் சரின்னு சொல்லணுமேன்னுதான் ரெண்டு நாளா கையைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சேன்."

"ஓகோ" என்றாள் பிஹுவா. "அதுக்குத்தானா இந்த 'அம்மா, அம்மா'வெல்லாம்?"

ஜிங்ஷு தன் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டாள். சாய்யுன் தன் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"அங்க யாரு உனக்கு ஆக்கிப் போடுவா?" என்றாள் சாய்யுன்.

"நர்ஸ் ஒருத்தங்க. ரொம்ப நல்லவங்களாம். பெத்த தாய் மாதிரி பாத்துக்குவாங்களாம்."

முகம்கூடத் தெரியாத அந்த நர்ஸ்மேல் சாய்யுனுக்கு அங்கேயே வயிறு எரியத் தொடங்கியது.