மேல்மடு போகும் கெண்டை

கல்லாற்றில் தடுப்பணை வந்த பிறகு, முட்டையிட மலையேறும் கெண்டைகள் மினி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தன. அணையடி நிறுத்தத்தில் ஏறும். பெண்கள் இருக்கையில் ஈரச்சாக்கின் மேல் படுத்துக்கொள்ளும். மலைமேல் ஆறு தேங்கும் மேல்மடுவில் இறங்கிக்கொள்ளும். சன்னலோரம் கிடைத்தால் விட்டுக்கொடுக்காது.

மீன்வளத் துறையில் பூங்கோதைக்கு இதுதான் வேலை. மழைக்காலம் முழுக்க அதே பஸ்ஸில் போய், ஏறிய மீனெல்லாம் நல்லபடியாக இறங்குகிறதா என்று பார்ப்பாள். மற்ற மாதங்களில் மேல்மடுவைச் சீராக்குவாள். மணல் அள்ளிய குழிகளைத் தூர்த்து, கெண்டைக்குத் தோதாகக் கூழாங்கல் பரப்பி, கரை நெடுக நீர்மருது நட்டிருந்தாள். தண்ணீர் அடிக்கல் தெரியத் தெளிந்து கிடந்தது. மீன்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. இந்த மழைக்கும் வராவிட்டால் மேல்மடுவைக் கைவிட்டுவிட்டு அவளைக் கடலோர இறால் பண்ணைக்கு மாற்றிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மழை ஓயப்போகும் வாரத்தில் ஒரே ஒரு கெண்டை வந்தது. பொன்னிறச் செதில், கனத்த வயிறு. படியேறவே சிரமப்பட்டது.

"புள்ளத்தாச்சி நிக்கலாமா, இங்க வா சாமி," என்று எழுந்து இடம்விட்டாள் தெய்வாத்தாள். சந்தையில் புதுக்குடம் வாங்கி, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவள்.

பாதி மலையில், கொண்டை ஊசி வளைவில், புகையைக் கக்கிவிட்டு பஸ் நின்றது. ஓட்டுநர் காளியண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இனி நகராதுங்க அம்மிணி."

கெண்டையின் செவுள் வேகமாக அடித்தது. சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. பூங்கோதையின் பல வருஷ உழைப்பு அந்தச் சன்னலோர இருக்கையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"தண்ணி இருக்குதாங்கண்ணா?"

இஞ்சினுக்கு வைத்திருந்த கேனைக் காளியண்ணன் எடுத்து நீட்டினார். "இத ஊத்துங்க. வண்டி அப்புறம் குடிச்சுக்கும்."

பூங்கோதை அதைச் சாலையில் ஊற்றினாள். கெண்டை படியிலிருந்து வழுக்கி இறங்கி, அந்த ஈரத்தில் நீந்தத் தொடங்கியது. தெய்வாத்தாள் ஓடிவந்து அதன் முன்னால் குடத்தைச் சாய்த்தாள். அது தீர்வதற்குள் மற்றவர்கள் பாட்டிலைத் திறந்தார்கள். வழியிலிருந்த வீடுகளிலிருந்து சமையலை விட்டுவிட்டுத் தவலையோடு வந்தார்கள். ஒருவர் மாட்டுத் தொட்டியையே உருட்டி வந்தார். கெண்டை யாரையும் காக்க வைக்கவில்லை. இடப்பக்கமாகவே நீந்தி, வளைவுகளில் மட்டும் சற்று நிதானித்தது.

பொழுது சாயும்போது மேல்மடு வந்தது. கெண்டை கூழாங்கல்லின் மேல் ஒருமுறை சுற்றிவந்து, வாலால் பள்ளம் பறித்து முட்டையிட்டது. காளியண்ணன் சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"நம்ம பஸ்ஸுல வந்தது," என்றார்.

காலையில் பார்த்தபோது சாலை காயவில்லை. ஊற்றிய தண்ணீரை அடையாளம் வைத்து மேல்மடு அந்த வழியாகவே கீழே இறங்கி, அணையைச் சுற்றிக்கொண்டு பழைய ஆற்றில் போய்ச் சேர்ந்திருந்தது. அணையிடம் அது எதுவும் கேட்கவில்லை. காளியண்ணன் வண்டியைக் கரையோரமாக ஓட்டிப் பழகிக்கொண்டார். பூங்கோதை வளைவுகளில் கூழாங்கல் பரப்பினாள்.

அடுத்த மழைக்குக் கெண்டைகள் சாலையை அடைத்துக்கொண்டு ஏறின. நிறுத்தங்களில் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மேலதிகாரி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"மொத்தம் எத்தனைம்மா?"

"எண்ண முடியலைங்க சார்," என்றாள் பூங்கோதை. இந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை. அதனால் இன்னொரு முறையும், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, மலைக்கு அப்பாலிருந்து ஒரு மேகம் வந்து கதவைத் தட்டியது. தங்கள் பக்கத்து ஆறும் இளைத்துவிட்டதாகவும், எந்த இடத்தில் பெய்தால் நல்லது என்று அவளைக் கேட்டுவரும்படி மற்ற மேகங்கள் அனுப்பியதாகவும் சொன்னது. பூங்கோதை வாயைக் கொப்பளித்துவிட்டு, மேகத்தை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, புடவை மாற்றப் போனாள்.