ஐந்து குழாய் பல்

மற்ற பல் டாக்டர்கள் கைவிரித்த பல்லெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். ‘வேர் டாக்டர்’ என்றே அவளுக்குப் பெயர். வலியோடு வருவார்கள், இரண்டு மூன்று தடவை வாயைத் திறப்பார்கள், வலி நின்றதும் பல்லுக்கு உறை போட்டுக்கொள்ளப் பழைய டாக்டரிடமே போய்விடுவார்கள். வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆள் காணாமல் போகிற தொழில் இது. வீட்டிலும் அவளுக்கு ஆள் கிடையாது. கடல் கடந்து இருக்கிற மகள், “அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்பாள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் வந்தது ஒரு வியாழக்கிழமை. அவருடைய மேல் கடைவாய்ப்பல்லில் இரண்டு பேர் ரூட் கெனால் செய்தும் வலி அடங்கவில்லை. அந்தப் பல்லின் வேர்களுக்குள் மூன்று குழாய் இருக்கும், மிஞ்சினால் நான்கு. ஒன்றை விட்டாலும் உள்ளே சீழ் தங்கிவிடும்.

மனிதர் நல்ல வாயாடி. பல்லைச் சுற்றி ரப்பர் துணியை மாட்டும்வரை ஓயமாட்டார்.

“மாமியாரும் மருமகளும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க டாக்டர். நாப்பது நிமிஷம் உள்ளே ஒரே சண்டை. கதவத் திறந்தேன் பாருங்க, ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து என்னைத் திட்டுறாங்க!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று உதவிக்கு இருக்கும் அக்காவே நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாவது வியாழன், நான்காவது குழாய் கிடைத்தது. மூன்றாவது வியாழன், மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கத் துழாவியதில், முடியளவு ஊசி ஒரு மூலையில் விசுக்கென்று இறங்கியது. ஐந்தாவது குழாய்! இருபத்தாறு வருடத்தில் இப்படி இரண்டே பல்தான் பார்த்திருக்கிறாள். ஊருக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரும் வாயைத் திறந்தபடி புருவத்தை உயர்த்தி மகிழ்ந்தார்.

நான்காவது வியாழன் குழாய்கள் சுத்தமாகக் காய்ந்திருந்தன. நிரப்பி மூடிவிட்டால் முடிந்தது வேலை. குழாய்க்குள் விட்ட பஞ்சுத்திரி நனையாமல் வெளியே வந்தது. அடுத்த வாரம் இவர் வரமாட்டார்.

“இன்னும் ஒரு தடவை மருந்து வச்சுப் பாத்துடலாம்” என்றாள்.

“நல்லாக் காஞ்சிருக்கே டாக்டர்?” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரியும்.”

தெரியும்தான். அதுதான் குற்றம். தற்காலிகச் சிமெண்டால் அடைத்த பல் உள்ளே குடைந்த வெறும் கூடு. உறை போடாமல் நாள் கடத்தினால் தாங்காது என்று முதல் வருட மாணவருக்கும் தெரியும். அவளோ ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வியாழனையும் ஓட்டினாள். அவளைத் திட்டத்தான் வேண்டும். ஆனால் வாரத்தில் ஆறு நாளும் மருந்துப் புட்டிகளோடு பேசிக் கழிப்பவளை எந்த முகத்தோடு திட்டுவது?

எட்டாவது முறை அவர் திங்கட்கிழமையே வந்தார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு. பாதாம் கடித்தாராம். பல் நடுவே பிளந்து, பிளவு வேர்வரை ஓடியிருந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

“போனாப் போகுது விடுங்க” என்று அவர்தான் அவளைத் தேற்றினார். “ஒரு பல்லுக்காக இவ்ளோ மெனக்கெட்டவங்கள நான் பாத்ததே இல்ல.”

அதைக் கேட்டதும் அவளால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

“நாலு வாரம் முன்னாடியே முடிச்சிருக்கலாம். நான்தான் இழுத்தேன்.”

“ஏன்?”

“முடிச்சா நீங்க வரமாட்டீங்கன்னு.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்; கோபித்திருந்தால் தேவலை. கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியைத் தாமே அவிழ்த்து, மடித்து, தட்டில் வைத்தார்.

“இதப் பிடுங்க வேற டாக்டர் யாராவது இருந்தா எழுதிக் குடுங்க.”

அவள் கொஞ்சம் யோசித்து, இருப்பவர்களில் நல்ல கைக்காரராகப் பார்த்துப் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தாள்.