ஏழாம் கதவுக்குக் காத்திருந்த பிள்ளை

1958ஆம் வருடம் தைப்பொங்கல் கழிந்து அகரத்துச் சண்முகவள்ளியின் வயிற்றில் உண்டான பிள்ளை, கதையின் முடிவு தெரியாமல் வெளியே வருவதில்லை என்று அடுத்த வருடம் பங்குனி வரைக்கும் உள்ளேயே இருந்தது. கணக்குப் பார்த்தால் பதினாலு மாதம். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தது, வெங்காயம் அமோகமாக விளைந்து விலை போகாமல் களத்திலேயே முளைவிட்டது, தாடிக்கொம்பு ரோட்டோரம் ஒரு டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டது. இவற்றைப் பற்றிப் பேசிய அளவுக்குத்தான் ஊரார் அந்தப் பிள்ளையைப் பற்றியும் பேசினார்கள். பிடிவாதம் அப்பன் வழி என்றார்கள். அப்பன் சோலைமலை அதை மறுக்கவில்லை. விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைக் கடைசிவரை விற்காமல் வைத்திருந்து முளைக்கவிட்டவன் அவன்தான்.

இதற்கு முன்னால் சண்முகவள்ளிக்கு மூன்று தங்கவில்லை. முதல் இரண்டும் வயிறு தெரிவதற்குள் கலைந்துவிட்டன. மூன்றாவது ஆண்பிள்ளை. மாதம் நிறைந்து, காலையில் பிறந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடங்கிப்போனது. பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புக்கு மருந்து கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒச்சப்பன் கடையிலிருந்து சுக்கு வந்தது. ஒச்சப்பன் திண்டுக்கல்லுக்குப் போய்ப் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிவந்து, கிழித்துப் பொட்டலம் கட்டுகிறவர். சுக்கை எடுத்துக்கொண்டு கீழே போட்ட தாளைச் சண்முகவள்ளி சும்மா கையில் எடுத்தாள். ஐந்தாவது வரை படித்தவள். அதில் ஓர் இளவரசன், கடலுக்கடியில் அரக்கன் கட்டிய மாளிகையில், ஏழாவது கதவின் முன்னால் சாவியோடு நின்றான். கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். அதற்குக் கீழே தாளின் மூலை கிழிந்திருந்தது. பல நாளாக வாய் திறக்காமல் கிடந்தவள் புருஷனைப் பார்த்து, "இவன் எப்பிடிங்க அங்க போய் மாட்டுனான்?" என்று கேட்டாள். சோலைமலைக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேசினாளே, அது போதும் என்று கடைக்கு ஓடினான்.

அன்றிலிருந்து அந்தக் கதை சாமான் வாங்கிய வரிசையில் அவளிடம் வந்து சேர்ந்தது. மிளகு மூன்றாம் கதவைக் கொண்டுவந்தது. பேசும் குதிரை சீரகத்தோடு வந்தது. பொரிகடலை வாங்கிய அன்றுதான், அந்த இளவரசனுக்கு ஒரு தம்பி உண்டு என்றே தெரிந்தது. கதையின் பெயர் மட்டும் கடைசிவரை எந்தப் பொட்டலத்திலும் வரவில்லை. தாள் நிறையக் கிடைக்கட்டும் என்று அவள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாள். "ஆத்தா, நீ வாங்குற சீரகத்தவிட நான் கட்டுற தாளு கனமா இருக்கு" என்று ஒச்சப்பன் அலுத்துக்கொண்டாலும், அரக்கன் படம் போட்ட தாளாகப் பார்த்து எடுத்துவைக்கத் தொடங்கினார். சோலைமலையின் தங்கச்சி பேச்சாயி, "மதினி, அம்புட்டும் பொய்க்கதைதான?" என்று கேலி பேசினாள். பொய்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அடுப்பு முன்னால் தனியாக உட்காரும்போது அழாமல் இருக்க அவளுக்குக் கிடைத்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

நான்காவது உண்டான மூன்றாம் மாதம், முன்பு போலவே அடிவயிற்றில் வலி பிடித்தது. சண்முகவள்ளி கட்டிலில் படுத்து, பயத்தில் கைக்குக் கிடைத்த தாளை எடுத்துச் சத்தம்போட்டு வாசித்தாள். இரண்டாம் கதவுக்குப் பின்னால் நெருப்புச் சிங்கம் வாயைத் திறந்த இடத்தில் தாள் முடிந்தது. அந்த இடத்தில் வலியும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டுவது போல இருந்தது. அதன்பிறகு தினமும் வாசித்தாள். ஒரு பக்கத்தைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளை சுண்டும். தொடர்ந்தால் அடங்கும். ஆறாம் மாதம் சோலைமலை வண்டியில் வைக்கோல் பரப்பி அவளை டாக்கீஸுக்குக் கூட்டிப்போனான். மந்திரவாதி ராஜகுமாரியைக் கிளியாக்கும் படம். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். அப்படி நிறுத்திய ஒவ்வொரு முறையும் பிள்ளை முட்டிய முட்டு நாலு வரிசை தாண்டிக் கேட்டது. "சும்மா இரு அப்பு, ரீலு மாத்துறாக, செத்த நேரத்துல போட்டுருவாக" என்று பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவர் வயிற்றைப் பார்த்துச் சொன்னார். பிள்ளை கேட்டுக்கொண்டது.

ஐப்பசி வந்தது, போனது. வலி வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும் நர்ஸ் வியாகுலம்மாள், மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "கொழந்த நல்லாத்தான் இருக்கு. வரத்தான் மனசில்ல" என்றார். மனசில்லாததற்குக் காரணம் ஊருக்கே தெரிந்திருந்தது. இளவரசன் ஆறு கதவு திறந்து, ஏழாவதின் முன்னால் சாவியோடு நிற்கிறான். மேற்கொண்டு தாள் இல்லை. சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவர்களும் வத்தலக்குண்டு பஸ்ஸில் வருகிறவர்களும் போகிற இடத்துப் பொட்டலத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். களத்தில் வெங்காயம் அழுகுகிற கவலையை விட்டுவிட்டு ஆம்பளைகள் அந்தப் பூட்டைப் பற்றி வாதம் பண்ணினார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் சங்கிலி, "உப்புத்தண்ணிக்குள்ள கெடந்த பூட்டு, எண்ணெ விடாம எப்பிடித் தொறக்கும்?" என்று கேட்டு வாதத்தை விடியவிடிய இழுத்தான். சோலைமலை வெள்ளாமையைத் தங்கச்சி கையில் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தான்.

அவன் தேடிய தாள் அவன் வீட்டு மஞ்சள் டப்பாவுக்குள் மடித்திருந்தது. சுக்கோடு வந்த அந்த முதல் தாளைச் சண்முகவள்ளி மறந்துவிடவில்லை, ஒளித்துவைத்திருந்தாள். அவள் நியாயம் எளிமையானது. உள்ளே இருக்கிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை. வெளியே வந்த எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. கதவு மூடியிருக்கும்வரை அவள் தாய். ஆகவே பழைய பக்கங்களையே திருப்பித் திருப்பி வாசித்தாள். ஆறாம் கதவுக்கும் ஏழாம் கதவுக்கும் நடுவில் சொந்தமாக ஒரு நீண்ட நடையைக் கட்டி, அதில் இளவரசனை மாதக்கணக்கில் நடக்கவிட்டாள். புழுதிக் காலோடும் கை நிறையக் கசங்கிய தாளோடும் புருஷன் திரும்பி வரும்போதெல்லாம் அவளுக்குப் பாவமாக இருந்தது. சோற்றைப் போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள். டப்பாவைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாள்.

மாசியில் பிள்ளை பழைய பக்கங்களுக்கு உதைக்க ஆரம்பித்தது. பேசும் குதிரை வாய் திறந்தாலே ஓர் உதை. பிறகு உதையும் குறைந்தது. பங்குனியில் ஒரு காலை, அசைவே இல்லை. சண்முகவள்ளி முதல் கதவிலிருந்து வாசித்துப் பார்த்தாள். நெருப்புச் சிங்கத்தை அவளால் முடிந்த மட்டும் உறுமவிட்டாள். வயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தாள். பதில் இல்லை. அன்று நர்ஸ் ஊருக்கு வருகிற நாள். பேச்சாயி ஓடிப்போய் வியாகுலம்மாளைக் கூட்டிவந்தாள். அவர் குழலை இடம் மாற்றி மாற்றி வைத்து வெகுநேரம் கேட்டார்.

"துடிப்பு இருக்கு. ஆனா ரொம்பத் தூரத்துல கேக்குது தாயி. அலுத்துப்போச்சு போல."

"நர்சம்மா, வெளிய வந்தா தங்குமா?"

"அது எனக்குத் தெரியாது. இனி உள்ள இருந்தா தங்காது. அது மட்டுந்தான் தெரியும்."

சண்முகவள்ளி பேச்சாயி பக்கம் திரும்பினாள். "பேச்சி, அந்த மஞ்சள் டப்பாவ எடு" என்றாள்.

தாள் மஞ்சளேறிச் சுக்கு வாசனையோடு வந்தது. வாசலில் நின்ற சோலைமலை அரக்கன் படத்தின் பாதியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். அன்று காலையில்தான் அவன் வத்தலக்குண்டிலிருந்து திரும்பியிருந்தான். கால் வெடிப்பில் ரத்தம்கூடக் காயவில்லை. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருக்கலாம், நியாயம் அவன் பக்கம்தான். "படி வள்ளி" என்று மட்டும் சொன்னான். அவள் வாசித்தாள். சாவி மூன்று முறை சுற்றியது. ஏழாம் கதவு முனகிக்கொண்டு திறந்தது. கதவுக்கு அப்பால் கடல் இல்லை. மணலும் வெயிலும் இருந்தன. இளவரசன் கண் கூச வெளியே வந்தான். அவள் வாசித்து முடித்தபோது கட்டிலடியில் தண்ணீர் ஓடியது. பேச்சாயி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடல் தண்ணிதான் என்றாள். எண்ணெய் விடாமலே பூட்டு திறந்துவிட்டது என்று சங்கிலிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

வெயில் தாழ்வதற்குள் பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. தோள்வரை முடி, கீழ்வரிசையில் இரண்டு பல். ஆனால் அழவில்லை. வியாகுலம்மாள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். சண்முகவள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நானே திறந்துவிட்டேனே, நானே திறந்துவிட்டேனே என்று முனகினாள். அப்போது பிள்ளை, தலைகீழாகத் தொங்கியபடியே, தெளிவாகக் கேட்டது.

"அப்புறம்?"

"அழு மொதல்ல, அப்புறம் கேக்கலாம்" என்று நர்ஸ் முதுகில் ஒன்று வைத்தார். அழுதது. ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதது. துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்தியதும் அழுகையை நிறுத்திவிட்டு மறுபடியும், "அப்புறம்?" என்றது. சண்முகவள்ளி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவன் வெளியே வந்தான் என்பதற்குக் கீழே முற்றும் என்று போட்டிருந்ததோ, தொடரும் என்று போட்டிருந்ததோ, அந்த மூலைதான் இல்லையே. தாளைக் கீழே போட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்புறம்… வெளிய வெயிலு சுள்ளுனு அடிச்சிச்சு. அவனுக்குப் பசிச்சிச்சு" என்று சொல்லி, பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

விளக்கு வைத்தார்கள். விளக்கு வைத்த பிறகும் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. சோலைமலை வாசலில் உட்கார்ந்து, விடிகிறவரை விளக்கில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டான். அதன்பிறகு அகரத்தில் மாசமாக இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒச்சப்பன் வாய்ப்பாட்டுப் புத்தகத் தாளில்தான் பொட்டலம் கட்டினார். பிள்ளைகளும் கணக்காகப் பத்தாம் மாதம் பிறந்தன. பிரசவத்துக்குப் பிறகு வாங்குகிற சுக்கை மட்டும் கதைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.