மாஸி மாமா பெயர் சொன்ன குதிரை

கடலுக்கு அப்பால் நடக்கும் செல்ட்னம் குதிரைப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு மாலை, எங்கள் ஊர் டின்னி ஹேக்கெட்டின் மதுக்கடையில் நிற்க இடம் இருக்காது. நான்கு பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தக் குதிரை வேலிகளைத் தாண்டும், எது மேடேறும்போது மூச்சு வாங்கும் என்று மைக்கில் பேசுவார்கள். முடிவில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு குதிரையின் பெயரைச் சொல்ல வேண்டும். போட்டிருக்கும் கோட்டை அடகு வைத்தாவது பணம் கட்டலாம் என்று அவர் நம்பும் குதிரை அது.

நான்கு நாற்காலிகளில் மூன்றில் ஆட்கள் மாறுவார்கள். ஒன்றில் எப்போதும் என் அம்மாவின் அண்ணன் மாஸி கல்ஹேன்தான்.

மாமாவுக்குக் குதிரைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. நிறையத் தெரியும். ஆனால் அவர் வாய் திறந்து பெயர் சொன்ன குதிரை ஜெயித்ததில்லை. ஒன்று முதல் வேலியிலேயே விழுந்தது. ஒன்று புறப்படும் இடத்துக்குப் போகும் வழியிலேயே ஜாக்கியை உதறிவிட்டு லாயத்துக்குத் திரும்பிவிட்டது. இன்னொன்று எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டு வந்து, கடைசித் திருப்பத்தில் தவறான பக்கம் போனது. டின்னி அவரை ஆண்டுதோறும் அழைத்து உட்காரவைப்பது ஏன் என்று ஊருக்கே தெரியும். எந்தக் குதிரையின் மீது பணம் கட்டக் கூடாது என்பதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

இது மாமாவுக்குத் தெரியாது என்று ஊர் நினைத்தது. நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

பந்தயம் நெருங்கினால், முன்கூட்டியே பணம் கட்டிவிட்டவர்கள் மாமாவைத் தேடி வருவார்கள். கறிக்கடை கோகர்ட்டி போன மாதம் வந்தார். மாமா அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு, மிகவும் அப்பாவியாகக் கேட்டார்.

"அந்த 'லார்க் ஹில்' குதிரை எப்படிப்பா? அதைத்தான் சொல்லலாமான்னு ஒரு எண்ணம் ஓடுது."

கோகர்ட்டியின் முகம் அவர் கடையில் தொங்கும் கொழுப்பைப் போல வெளுத்தது.

"அது வேண்டாம் மாஸி. அதுக்கு முழங்கால் சரியில்லையாம்."

"அப்படியா? பார்த்தா நல்லாத்தானே இருக்கு."

மறுநாள் காலை வாசலில் ஒரு பொட்டலம் நிறையப் பன்றிக்கறி சாஸேஜ் இருந்தது. மாமா அதை வாணலியில் போட்டுப் புரட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதன்பின் வாத்து முட்டை வந்தது, ஒரு வண்டி கரி வந்தது, ருபார்ப் ஜாம் வந்தது. யார் என்ன கொண்டுவந்தாலும் மாமா அவர்களுடைய குதிரையைச் சொல்லாமல் விட்டுவிடுவார். நேர்மையான மனிதர்.

நோரீன் டூஹி மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. மேட்டுக்குப் பின்னால் சின்ன லாயம் வைத்துக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அவளிடமிருந்து ஒரு குதிரை கடல் தாண்டிச் செல்ட்னம் போவது இதுவே முதல்முறை. 'மண்டே வாஷிங்' என்று ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. கூட்டம் நடக்கவிருந்த ஞாயிறு பகல், நான் டின்னியின் சமையலறையில் சாண்ட்விச்சுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்தாள். சேற்று பூட்ஸைக் கழற்றவும் இல்லை.

"டீலியா, உங்க மாமா வாயில என் குதிரை பேரு வரக்கூடாது. நீதான் சொல்லணும்."

நான் வெண்ணெய் தடவினேன்.

"இவ நல்லா ஓடினா நாலு பேரு குதிரை கொண்டுவந்து கட்டுவாங்க. இல்லைன்னா லாயத்தைப் பூட்டிட்டு நான் கோழிப்பண்ணை வேலைக்குத்தான் போகணும். எனக்கு ஜாம் காய்ச்சத் தெரியாது, கேக் சுடத் தெரியாது. கேட்க மட்டும்தான் தெரியும். சொல்லுவியா?"

தலையாட்டினேன். நான் பேசுவதைவிடத் தலையாட்டுவதே அதிகம் என்பது அவளுக்கும் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், குளிர்காலம் முழுக்க மாமா அந்தக் குதிரையைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசவில்லை. தினமும் நடந்துபோய் வேலிக்கு அப்பால் நின்று, அதற்கு மின்ட் மிட்டாய் கொடுத்துவிட்டு வருவார். "இந்த வருஷம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொன்னது ஜெயிக்கும் பாரு. அதுக்கப்புறம் என்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்ல" என்பார்.

மாலை அவர் டை கட்டிக்கொண்டு சமையலறைக்குத் தேநீர் குடிக்க வந்தார். நான் கோப்பையை நீட்டினேன். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவர் தரையைப் பார்த்தார். கதவிலிருந்து மேசை வரை பூட்ஸ் சேறு.

"நோரீன் வந்தாளா?"

தலையாட்டினேன்.

"சொல்லக் கூடாதுங்கறாளா?"

மறுபடி தலையாட்டினேன். அவர் தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிவைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

கூட்டம் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஜாக்கி பேட்சி, பந்தயக் கடைக்காரன் கெவன், ஃபாதர் லாலர், மாமா. நான் தட்டை ஏந்திக்கொண்டு கதவோரம் நின்றேன். நோரீன் கடைசி வரிசையில் தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. டின்னி மைக்கை மாமாவிடம் கொடுத்ததும் பேனா வைத்திருந்தவர்களெல்லாம் மூடியைத் திறந்தார்கள்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"இது தவக்காலம். ஆளாளுக்கு ஏதாவது ஒண்ணை ஒறுக்கிறோம். கோகர்ட்டி பீரை விட்டிருக்கான். டின்னி சாக்லேட்டை விட்டிருக்கான். நான் குதிரை பேர் சொல்றதை விட்டிருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் சொல்றதா இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எப்போலேர்ந்து விட்ட?" என்றார் கோகர்ட்டி.

"தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன்லேர்ந்து."

"போன மாசம் என்கிட்ட லார்க் ஹில் பத்திக் கேட்டியே?"

"கேட்டேன். சொன்னேனா?"

"நீ சொல்லலைன்னா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் அழாக்குறையாகக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் அவர் விலாவில் இடித்தார்.

டின்னி ஃபாதர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஃபாதர்."

ஃபாதர் லாலரின் சட்டைப்பையிலும் மடித்த பந்தயப் பக்கம் ஒன்று இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"மாஸி, ஒறுத்தல்னா நமக்கு சுகமா இருக்கறதை விடறது. அடுத்தவங்களுக்கு உதவியா இருக்கறதை விட்டா அது ஒறுத்தல் இல்ல, சோம்பேறித்தனம். நீ சொல்ற பேரு இந்தப் பங்குச் சனங்களுக்கு எவ்வளவு உதவியா இருந்திருக்குன்னு உனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு நாள் உனக்கு விலக்கு தர்றேன்."

கைதட்டினார்கள். தப்பிக்க வழியில்லை. மாமா கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டினார். நோரீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பார்வை கதவோரம் வந்து என்மேல் நின்றது. நான் தலையை ஆட்டினேன், இந்த முறை பக்கவாட்டில்.

"புதன்கிழமைப் பெரிய ஓட்டம்" என்றார் மாமா. "'சில்வர் பிஷப்'. எழுதிக்கங்க. அவனை ஜெயிக்க இந்த உலகத்துல குதிரை இல்ல."

எல்லோரும் நிம்மதியாக எழுதிக்கொண்டார்கள். எழுதியதன் மேல் கோடு போட்டு அடித்தார்கள். சில்வர் பிஷப், மண்டே வாஷிங்கும் ஓடும் அந்த ஓட்டத்தில் எல்லோரும் முதலில் வரும் என்று சொன்ன குதிரை. அது போய்விட்டது என்றால் மீதி யார்? கடையை விட்டு வெளியேறும்போதே பாதிப் பேர் மண்டே வாஷிங் பெயரை முணுமுணுப்பது என் காதில் விழுந்தது. நோரீன் போகும்போது மாமாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

புதன்கிழமை டின்னியின் தொலைக்காட்சி முன்னால் ஊரே நின்றது. கடைசி வேலியை மண்டே வாஷிங்கும் சில்வர் பிஷப்பும் ஒன்றாகத் தாண்டின. மேட்டில் ஏறும்போது எங்கள் குதிரை கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தது. கோகர்ட்டி நாற்காலிமேல் ஏறினார். பிறகு சில்வர் பிஷப் மெல்ல, அவசரமே இல்லாமல், ஒரு கழுத்து நீளம் முந்திக்கொண்டு போய்விட்டது.

கோகர்ட்டி இறங்கினார். கடை முழுவதும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

"நீ சொன்னது ஜெயிச்சிடுச்சு" என்றார் டின்னி, திருட்டைக் கண்டுபிடித்தவர் போல.

"ஆமா" என்றார் மாமா. "நல்லதாப் போச்சு. எல்லாரும் எழுதிக்கிட்டீங்களே. கட்டியிருப்பீங்க இல்ல?"

பதில் சொல்வதென்றால் இத்தனை வருடம் செய்ததைச் சொல்ல வேண்டும். ஃபாதர் லாலர் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். கோகர்ட்டிக்குத் திடீரெனக் கடை திறக்கும் நேரம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு நடந்துவரும்போது மாமா ஒரு மின்ட் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் மனசுல இருந்ததைத்தான் சொன்னேன், ஒண்ணு கூட ஜெயிக்கல. ஒரு தடவை வாய் கூசாம பொய் சொன்னேன். பாரு."

"ரெண்டாவது வந்துச்சே மாமா" என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "அட, உனக்குப் பேச வருமா?"

அடுத்த வாரம் நோரீன் வந்தாள். செல்ட்னமில் ஒரு கழுத்து நீளத்தில் தோற்ற குதிரையின் லாயத்தைத் தேடி இரண்டு பேர் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். இலையுதிர்காலத்துக்கு மூன்று புதுக் குதிரைகள். கோழிப்பண்ணைப் பேச்சே இல்லை. கையில் துணியில் சுற்றிய ஒரு பழுப்பு ரொட்டி வைத்திருந்தாள், அவளே சுட்டது.

"மாஸி, அடுத்த வருஷமும் இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"போ. நல்லா ஓடுவா."

"அது இல்ல." பூட்ஸால் தரையைத் தேய்த்தாள். "உங்க வாய் இப்போ ராசியாயிடுச்சுன்னு ஊரே பேசுது. அடுத்த தடவை இவ பேரைச் சொல்லுவீங்களா?"

மாமா ரொட்டியை வாங்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். செங்கல் விழுந்த சத்தம் கேட்டது.

"யோசிக்கலாம்" என்றார். "உங்க வீட்டுல முட்டை போடற வாத்து இருக்கா?"