பதின்மூன்று அடி ஏணி

“நீ போயிட்டா எது எங்க இருக்குன்னு இதுக்கு யாரு சொல்லுவா?” என்று சித்தப்பா கேட்டார். ‘இது’ என்று அவர் தாடையால் காட்டியது என் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரை.

நான் பதில் சொல்லவில்லை. பொதுவாகவே நான் சொல்வதில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்தாவதில் பாதியில் நின்றதற்கு அதைத் தவிரப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று சித்தப்பா தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். புத்தகப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைத்து அச்சகத்துக்கு அனுப்பும் வேலை. பெரும்பாலும் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள். வாயைத் திறக்காமலே செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று.

என்னைத் தவிர இன்னொருவரும் அங்கே வேலை பார்த்தார். அவருக்குத் தொண்டை அடைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் போனில் ரகசியம் பேசினால்கூடக் கீழே கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால் அவர் பெயர் வால்யூம். என் பெயர் மியூட். இந்த இரண்டு பட்டன்களை வைத்துத்தான் கடையை ஓட்டுகிறேன் என்று சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

என் அக்கா வேறு ஊரில் வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். ஒருமுறை வந்திருந்தபோது ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினாள். ஆற்றின் பெயரை ஆறு வளைகிற இடத்தில் வளைத்து, விரிகிற இடத்தில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இப்போது அந்த வேலைக்கே ஆள் தேவை என்று எழுதியிருந்தாள். மாதம் பிறந்ததும் சேர வேண்டும். அதைத்தான் நான் சித்தப்பாவிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அக்கா போன் செய்து சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன்.

போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தி அவரை ஒரு வழி பண்ணியிருப்பாள். ஆனால் அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் என் மெஷினில், அதாவது அந்தக் கம்ப்யூட்டரில், மட்டும்தான் முழுசாக வந்தது.

நாங்கள் அமைக்கும் முறையில் ஒரு புத்தகம் ஒரே துண்டாக இருக்காது. ஒவ்வொரு பாடமும் ஒரு கோப்பு, ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு. தலைமைக் கோப்பில் ‘ஏணிப் படத்தை இங்கே போடு’ என்கிற மாதிரி பெயரை மட்டும் எழுதிவிட்டு, பக்கங்களை அமைக்கச் சொல்லி மெஷினை ஓட்டவேண்டும். அந்தப் பெயருக்குரியதை மெஷின்தான் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைக்கும். எங்கெங்கே தேடலாம் என்பதை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். என் மெஷினில் அந்த வரி வருஷக்கணக்கில் வளர்ந்து, திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதில் இருந்த இடங்களெல்லாம் என் மெஷினுக்குள் இருந்த இடங்கள். ஆகவே அதை அப்படியே எடுத்து இன்னொரு மெஷினில் ஒட்டினாலும் உபயோகமில்லை. வால்யூம் அண்ணன் அதே புத்தகத்தைத் தன் மெஷினில் ஓட்டினால் முதல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இந்தப் பெயரில் எதுவும் இல்லை, வேறு பெயர் சொல் என்று கேட்கும். அவரும் சொல்லுவார், காதில் வாங்கக்கூடாத பெயர்களாக.

சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். “நீ கையே வைக்காம இவன் மெஷின்ல புத்தகம் முழுசா வரட்டும். வந்துட்டா தாராளமாக் கிளம்பு. உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?”

மறுநாளே தொடங்கிவிட்டேன். முதலில் என் மெஷினிலிருந்த எல்லாவற்றையும், எல்லா மெஷினுக்கும் எட்டக்கூடிய கடையின் பொது வட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே சித்தப்பாவின் கைவண்ணம் ஏற்கெனவே இருந்தது. அவர் ஒரு கோப்புறைக்கு ‘கடைசி’ என்று பெயர் வைப்பார். பிறகு திருத்தம் வரும். அடுத்ததற்கு ‘நிஜமான கடைசி’. அதற்கும் திருத்தம் வந்தால் ‘இதுதான் கடைசி, தொடாதே’. தொடாதே என்றதைத்தான் எல்லோரும் தொட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்புறைக்குள் போட்டேன். தேடும் வரியில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுதி, பின்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அதற்குள் உள்ள அறை, உள்ளறை எல்லாவற்றிலும் புகுந்து பார் என்று அதற்கு அர்த்தம். ஒவ்வொரு இடமாக எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மாதம் முடியப்போகிறது.

வால்யூம் அண்ணன் ஓட்டினார். அது முன்பைவிட மோசமாக நின்றது. முன்பு படம் கிடைக்கவில்லை என்று சொன்னது இப்போது, புத்தகம் என்றால் என்னவென்றே தெரியாது என்றது. மெஷினோடு கூடவே வந்த அடிப்படைக் கோப்பையே காணோமாம்.

“புது வீட்டுக்கு விலாசம் குடுத்தா பெத்த வீட்டையே மறந்துடுச்சே” என்றார் அண்ணன். கீழே யாரோ சிரித்தார்கள். சித்தப்பா தன் மேஜையிலிருந்து, என்னம்மா, கிளம்பலையா என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததோ என்னவோ. இருந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த மறதிக்குக் காரணம் எனக்கு மத்தியானத்துக்குள் பிடிபட்டது. நம்முடைய இடங்களை எழுதிக் கொடுத்தால் அது அவற்றை மட்டுமே பார்க்கும். வழக்கமாகத் தேடும் இடங்களை விட்டுவிடும். அவற்றையும் பார் என்று சொல்ல, வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி போட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் விடவேண்டும். என் மெஷினில் அது எப்போதோ போட்டது. திரையின் ஓரத்தைத் தாண்டியிருந்ததால் கண்ணில் படவே இல்லை. அண்ணனின் வரியில் அதைப் போட்டேன். சித்தப்பாவின் நிபந்தனைப்படி கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அண்ணன் ஓட்டினார். எழுத்துகள் திரையில் மேலே மேலே ஓடின. எங்கும் நிற்கவில்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. முதல் பாடம், இரண்டாம் பாடம், விடைகள், பின்னட்டை வரைக்கும் வந்து முடிந்தது. அண்ணன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். சித்தப்பா எழுந்து வந்து, திரையில் பக்கங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, சரி என்றார். மெலிதாகத்தான் சொன்னார். பிறகு பிரின்ட் எடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றும், நான் அக்காவுக்கு எழுதிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. பிரின்டரிலிருந்து வந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கும்போது பார்ப்பது பழக்கம். முக்கோணப் பாடத்தில் சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு ஒன்று உண்டு. கேள்வியில் ஏணியின் நீளம் பதின்மூன்று அடி, சுவருக்கும் ஏணியின் காலுக்கும் இடையே ஐந்து அடி. பக்கத்தில் இருந்த படத்தில் ஏணிக்குப் பத்து என்றும் தரையில் ஆறு என்றும் போட்டிருந்தது.

அது போன பதிப்பின் படம். அதே பெயர்தான், ‘கடைசி’க்குள் கிடந்தது. எல்லா அறைகளிலும் புகுந்து பார் என்று நான் சொன்னேன், அது புகுந்தது. எந்த அறைக்குள் முதலில் போவது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயரில் முதலில் கையில் பட்டதை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. இன்னொன்று இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. கிடைக்கவில்லை என்றால்தான் சத்தம் போடும். இதற்குச் சத்தமே கிடையாது.

மற்ற தாள்களைப் புரட்டினேன். இன்னும் எத்தனை படம் பழசு என்று தெரியவில்லை. தேநீர்க் குவளைகளைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். நான் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை, எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. புத்தகம் போய்விடும், நானும் போய்விடுவேன். எப்போதாவது ஒரு ஆசிரியர் கண்டுபிடித்து எழுதுவார். அல்லது கண்டுபிடிக்க மாட்டார். எங்கோ ஒரு வகுப்பில் ஒரு பெண்ணை எழுந்து நின்று அந்தக் கணக்கைச் சொல்லச் சொல்வார்கள். அவள் கேள்வியைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு நிற்பாள்.

குழாயை மூடிவிட்டு வந்து அந்தத் தாளைச் சித்தப்பாவின் முன்னால் வைத்தேன்.

“படம் தப்பு” என்றேன். “பழசு வந்திருக்கு. வேற எதெது பழசுன்னு தெரியல.”

அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“சொல்லாம இருந்திருந்தா நீ பாட்டுக்குக் கிளம்பியிருக்கலாமே” என்றார் சித்தப்பா.

“பிள்ளைங்க நிப்பாங்க சித்தப்பா.”

அது அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அச்சகத்துக்குப் போன் செய்து, இன்றைக்கு இல்லை என்று மட்டும் சொன்னார். நான் அக்காவுக்கு எழுதவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு வேறு வேலையே இல்லை. பழைய பதிப்புகளையெல்லாம் பெரிய கோப்புறையை விட்டு வெளியே எடுத்து, தேடும் வரி எட்டாத ஓரிடத்துக்குக் கொண்டுபோனேன். சித்தப்பாவைக் கேட்டுத்தான் செய்தேன். ஒவ்வொரு ‘கடைசி’யையும் வழியனுப்புவதுபோல அவர் பக்கத்தில் நின்றார். இந்தப் புத்தகத்துக்கு வேண்டியதை மட்டும் தனியே வைத்தேன். இரண்டு சாய்கோட்டை எடுத்துவிட்டு, முதலில் இங்கே பார், இங்கே இல்லையென்றால் அங்கே என்று ஒவ்வொரு இடமாக வரிசைப்படி எழுதினேன். கடைசியில் அரைப்புள்ளி, பிறகு வெறும் இடம். வரி சின்னதாகத்தான் இருந்தது. திரைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

விஷயம் சித்தியின் காதுக்குப் போயிருந்தது. மெய்ப்புத் திருத்துவது கடையில் அவள்தான். அவள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழுசா வந்தா மட்டும் போதாது, ஒவ்வொரு படத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் நான் விடுவேன் என்றாள். இவளை அனுப்பறதுக்கும் சேர்த்து நான்தான் கையெழுத்துப் போடணும்போல இருக்கு என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் எதையோ தேடுவதுபோல மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

என்னை அறைக்குள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. அண்ணன் புத்தகத்தை ஓட்டினார், அது முடிந்தது என்பது அவர் நாற்காலி கிறீச்சிட்டதில் தெரிந்தது. பிறகு பிரின்டர் சத்தம். பிறகு அண்ணன் கேள்வியை வாசிக்க, சித்தி படத்திலிருப்பதைப் பார்த்துச் சரி சொல்ல ஆரம்பித்தார்கள். சித்தியின் குரல் எனக்கு எட்டவில்லை. அண்ணனின் குரல் தெரு முழுக்க எட்டியது.

வட்டம், ஆரம் ஏழு. கொஞ்சம் மௌனம். அடுத்தது. தொட்டி, ஆழம் நாலு. மௌனம். ஒவ்வொரு மௌனத்திலும் நான் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தது என்று கேட்டதும் விட்டேன். கீழேயிருந்து கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா, பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்களா உங்க கடையில என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

“ஏணி பதின்மூணு அடி. கீழ அஞ்சு.”

இந்த முறை மௌனம் நீண்டது. சித்தி இரண்டு தடவை பார்க்கிறாள் போல.

“அடுத்தது” என்றார் அண்ணன்.

புத்தகம் முழுவதும் அப்படியே போயிற்று. எங்கேயும் இடறவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் சித்திதான். கையில் சிவப்புப் பேனா மூடியே கழற்றாமல் இருந்தது. “எழுது உங்க அக்காவுக்கு” என்றாள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப்போய்க் கண்ணாடிக் கடைக்காரரிடம், எங்க பொண்ணு வேலைக்குப் போறா என்று சொல்வது கேட்டது. நான் இத்தனை நாளும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் காலையில் சித்தப்பா என்னை ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். சாலையைத் திட்டினார், முன்னால் போன லாரியைத் திட்டினார், வரைபடக்காரர்கள் இந்தப் பள்ளத்தையெல்லாம் குறிப்பார்களா என்று கேட்டார். நிலையத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பேருந்தில் ஏறினார். ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பார்த்து, பையை மேலே வைத்து, அது விழாதபடி ஒரு தள்ளுத் தள்ளினார். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடித்துச் சந்தில் செருகினார். ஆட்டம் நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார்.

அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

சித்தப்பா என் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். பிறகு திரும்பி, ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்.